சரி சொல்ல வேண்டியவள்

வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஆனால் பாத்ரூம் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது. அன்றைக்குக் காலையில் குட்டிக்கு இடப்பட்ட உத்தரவு அதுதான். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் ஸ்கேனில் கருப்பை தெளிவாகத் தெரியுமாம். அது தெரிந்தால்தான் டாக்டரம்மா நூல் போன்ற ஒரு குழாயை வழி தவறாமல் உள்ளே செலுத்தி, கருவை அதற்கான இடத்தில் விட முடியுமாம்.

குட்டி சொன்ன சொல் தட்டாதவள். நர்ஸ் ஒரு பாட்டில் என்றால் இவள் ஒன்றரை பாட்டில் குடித்துவிட்டு, பச்சை அங்கியும் காகிதத் தொப்பியும் மாட்டிக்கொண்டு, கட்டில் ஓரத்தில் தொடைகளை இறுக்கிச் சேர்த்து உட்கார்ந்திருந்தாள். குட்டி என்றதும் சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஊர் நடுவிலுள்ள ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்குகிறாள். வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. தலை நரைத்தாலும் உதிராது போலிருக்கிறது.

அவள் வயிற்றில் வைக்கப்போவது அவளுடைய பிள்ளை அல்ல. அண்ணனுக்கும் அண்ணிக்கும் உருவான கரு. அண்ணிக்குக் கட்டி வந்து கருப்பையோடு சினைப்பைகளையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதற்கு முன்னால் அவளுடைய கருமுட்டைகளை எடுத்து, கருவாக்கி, இதே மருத்துவமனையின் ஆய்வகத்தில் உறையவைத்திருந்தார்கள். நல்லவை என்று தேறியவை இரண்டே இரண்டு. அவற்றைச் சுமக்க ஒரு வயிறு வேண்டும். யாரும் கேட்கும் முன்னால், "நான் சுமக்கிறேன் அண்ணி" என்று சொன்னவள் குட்டிதான். அப்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அண்ணி அப்படியே ஈரக்கையோடு இவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள். குழாயை மூட வேண்டும் என்றுகூட இருவருக்கும் தோன்றவில்லை.

குட்டி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. ஒரு தடவைக்கு ஒரு கருதான். இரண்டை ஒன்றாக வைக்கக் கூடாது.

அதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய இரண்டாவது பிரசவம் இரட்டை. மாதம் நிறைவதற்கு வெகு முன்பே வலி கண்டு, இரத்தம் நிற்காமல் போய், ஒரு பகலும் ஓர் இரவும் அவள் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கிடந்தாள். பையன் தங்கினான். பெண் தங்கவில்லை. தங்காத அந்தக் குழந்தையைத் துண்டில் சுற்றி, இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு போய் மண்ணில் வைத்தவன் அண்ணன்தான்.

அவள் வீட்டுக்காரர் பேக்கரியில் மாவு பிசைகிறவர். வார்த்தைகளை அளந்துதான் போடுவார். "உங்க அண்ணனுக்குச் செய். நான் குறுக்கே நிக்கமாட்டேன். ஆனா ஒண்ணுன்னா சரி. ரெண்டுன்னா வேணாம். எனக்கு நீ வேணும்" என்றார். அவர் வாயிலிருந்து ஒரே மூச்சில் அவ்வளவு வார்த்தைகள் வந்து அவள் கேட்டதில்லை. டாக்டரம்மாவும் முதல் சந்திப்பிலேயே, "உங்க உடம்புக்கு ஒண்ணுதான் பாதுகாப்பு" என்று தலையாட்டினார். அண்ணனும் தலையாட்டினான். தலையாட்ட என்ன செலவு?

அதன் பிறகு மாத்திரைகள், ஊசிகள். எண்ணெயில் கலந்த மருந்தை இடுப்புக்குக் கீழே குத்தினால், அது உள்ளே கரையாமல் புளியங்கொட்டை மாதிரி கட்டிக்கொண்டு நிற்கும். லிஃப்டில் அவளுக்கென்று இருக்கும் முக்காலியில் ஒரு நாள் இடப்பக்கமும் மறுநாள் வலப்பக்கமும் சாய்ந்து உட்கார்ந்தாள். "என்ன லிஃப்டம்மா, கட்டடம் சாஞ்சிருக்கா, நீங்க சாஞ்சிருக்கீங்களா?" என்று நாலாம் மாடிக் கணக்காளர் கேட்டார். "கட்டடம்தான் சார். நான் அதை நேர் பண்ணிக்கிட்டிருக்கேன்" என்றாள். வலித்தது, ஆனாலும் மனதில் ஒரு நிறைவு இருந்தது. ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால், "கடவுளே, வர்ற உயிரை நல்லபடியாக் கொண்டு வந்து சேர்" என்று ஒரு வரி சொல்லிக்கொள்வாள். தன்னைக் காப்பாற்று என்று கேட்கத் தோன்றியதில்லை. அதற்குத்தான் வீட்டில் எல்லாரும் இருக்கிறார்களே என்று நினைத்திருந்தாள்.

இப்போது, கட்டில் ஓரத்தில், சொன்ன நேரம் தாண்டி வெகுநேரம் ஆகியும் யாரும் கூப்பிடவில்லை.

அண்ணன் ஒரு தடவை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். "என்ன குட்டி, தண்ணி போதுமா?"

"போதுமாவா? குலுக்கினா சத்தம் கேக்கும். ஏண்ணா இவ்வளவு நேரம்?"

"லேப்ல ஏதோ வேலை. இதோ இப்பக் கூப்பிட்டுடுவாங்க." அவன் அவளைப் பார்க்காமல் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னான். பாவம், பயந்துபோயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்னும் நேரம் போயிற்று. சிறுநீர்ப்பை பாறையாகிவிட்டது. மூச்சை இழுத்தால் வலித்தது, விட்டாலும் வலித்தது. அந்த வார்டைக் கவனித்துக்கொள்ளும் ஆயாம்மா தரையைத் துடைத்துக்கொண்டே வந்தவள், இவள் முகத்தைப் பார்த்ததும் துடைப்பானைச் சுவரில் சாய்த்தாள்.

"என்னம்மா, கண்ணு முழி வெளிய வருது?"

"ஆயாம்மா, இனிமே சிரிச்சாக்கூடப் போயிடும். சிரிக்க வைக்காதீங்க."

ஆயாம்மா போய் நர்ஸிடம் என்னவோ பேசிவிட்டு ஒரு பிளாஸ்டிக் கப்போடு திரும்பினாள். "கேட்டுட்டேன். ஒரு கப் மட்டும் விட்டுட்டு நிறுத்திடணுமாம்."

"நடுவுல நிறுத்துறதா? அது என்ன தண்ணிக் குழாயா?"

"பிள்ளை பெத்தவதானே நீ? பல்லைக் கடிச்சா எல்லாம் நிக்கும். வா, நான் பிடிச்சுக்கிறேன்."

நின்றது. எப்படி நின்றது என்பது அவளுக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். திரும்பி வந்ததும் ஆயாம்மா அவள் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஐஸ் மாதிரி இருக்கே" என்று எங்கிருந்தோ ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறைகளைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள். ஒன்று நீலம், ஒன்று சாம்பல். "உள்ளே போனா யாரும் உன் காலை அழகு பார்க்கப்போறதில்ல" என்றாள். அன்று காலையிலிருந்து அந்தக் கட்டடத்தில் குட்டியின் உடம்பை ஓர் உடம்பாக நினைத்து ஒருவர் செய்த முதல் காரியம் அது.

கடைசியில் கூப்பிட்டார்கள்.

சின்ன அறை. நடுவே மேஜை, இரண்டு பக்கமும் காலைத் தூக்கி வைக்கும் தாங்கிகள். வெளிச்சத்தைக் குறைத்திருந்தார்கள். தலைமாட்டில் அண்ணி, அதே பச்சை அங்கியில், முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிய நின்றிருந்தாள். ஒருவருக்குத்தான் உள்ளே அனுமதி என்பதால் அண்ணன் வெளியே. நர்ஸ் அடிவயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி ஸ்கேன் கருவியை வைத்து அழுத்தினாள். அழுத்திய இடம் சிறுநீர்ப்பைக்கு நேர் மேலே. குட்டி மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு தனக்குத் தெரிந்த பிரார்த்தனைகளையெல்லாம் வரிசை மாற்றிச் சொன்னாள்.

எதிர்ச் சுவரில் ஒரு சின்ன ஜன்னல். அதற்குப் பின்னால்தான் ஆய்வகம். ஒருவர் கரு இன்னொருவருக்குப் போய்விடக் கூடாது என்று இந்த மருத்துவமனையில் ஒரு முறை வைத்திருந்தார்கள். ஜன்னல் திறக்கும், ஆய்வகப் பெண் பெயரைக் கேட்பாள், கரு எத்தனை என்று சொல்வாள், மேஜையில் படுத்திருப்பவள் தன் வாயால் பதில் சொல்லி, "சரி" என்று சொல்ல வேண்டும். அவள் சொல்லாமல் ஆய்வகப் பெண் கருவைக் குழாயில் ஏற்ற மாட்டாள். டாக்டர் சொன்னாலும் மாட்டாள். குட்டிக்கு மட்டும் இதில் ஒரு திருத்தம். கருவின் தட்டில் அண்ணியின் பெயர்தான் இருக்கும். அதனால் பெயர் கேட்டால் தன் பெயரைச் சொல்லக் கூடாது, அண்ணியின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று நர்ஸ் முந்தின நாளே பாடம் எடுத்திருந்தாள். அண்ணியைப் பெயர் சொல்லிப் பழகாத நாக்கு. ஒத்திகையில் இரண்டு தடவை குளறினாள். "உங்க பேர் இங்க தேவைப்படாதும்மா, அவங்க பேரை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க" என்றாள் நர்ஸ். அப்போது அது சாதாரணப் பேச்சாகத்தான் இருந்தது.

ஜன்னல் திறந்தது. கண்ணாடி போட்ட ஓர் இளம் பெண்ணின் முகம்.

"பேர் சொல்லுங்க."

குட்டி அண்ணியின் பெயரைச் சொன்னாள்.

"கரு ரெண்டு. சரியா?"

குட்டி வாயைத் திறந்தாள். வாய் பழக்கத்தில் 'ச' வரைக்கும் போய்விட்டது. அப்படியே நின்றது.

அண்ணி குனிந்து அவள் காதருகே வந்தாள். கண்ணில் நீர் முட்டி நின்றது. "அவர் சொன்னார் குட்டி. நீயே ரெண்டையும் வைக்கச் சொன்னியாமே. உனக்கு நான் எப்படி..." என்று அவள் தோளைத் தடவினாள்.

"நான் எப்ப அண்ணி சொன்னேன்?"

தோளைத் தடவிய கை நின்றது.

"சரின்னு சொல்லுங்கம்மா" என்று நர்ஸ் கிசுகிசுத்தாள், மறந்துபோன மாணவிக்கு விடை எடுத்துக் கொடுப்பதுபோல.

"ஒண்ணுதானே சொல்லியிருந்தேன்? டாக்டர், ஒண்ணுதானே?"

டாக்டரம்மா இரண்டு கால்களுக்கு நடுவிலிருந்து தலையை நிமிர்த்தினார். "உங்க அண்ணன் காலையில வந்து, வீட்டில எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டோம், தங்கச்சிக்கும் சம்மதம்னு சொன்னாரேம்மா. அப்புறம்தான் ரெண்டாவதை உருக்கச் சொன்னேன். அது தயாராகத்தான் இவ்வளவு நேரம் ஆச்சு."

அதைக் கேட்டதும்தான் குட்டிக்கு உச்சியில் சுரீர் என்று ஏறியது. தொடையை இறுக்கிக்கொண்டு, மூச்சை எண்ணிக்கொண்டு, ஒரு கப் விட்டுப் பல்லைக் கடித்து நிறுத்தினாளே, அந்த நேரமெல்லாம் அந்தச் சுவருக்குப் பின்னால் அவள் வேண்டாம் என்று சொன்ன இரண்டாவது கரு உருகிக்கொண்டிருந்திருக்கிறது. எல்லாருக்கும் தெரியும். டாக்டருக்குத் தெரியும், நர்ஸுக்குத் தெரியும், கடிகாரத்தைப் பார்த்துப் பேசிய அண்ணனுக்குத் தெரியும். வயிற்றுக்குச் சொந்தக்காரிக்கு மட்டும் தெரியாது.

"மேஜை மேல வந்து படுத்தப்புறம் இப்படிச் சொன்னா எப்படிம்மா?" டாக்டரம்மாவின் குரலில் அவசரம் இருந்தது. "இதையெல்லாம் முன்னாடியே பேசியிருக்கணும்."

"மேஜை மேல படுத்தப்புறம்தானே டாக்டர், என்கிட்ட முதல் தடவையாக் கேட்டிருக்கீங்க?"

ஜன்னலில் கண்ணாடிப் பெண் மட்டும் அசையாமல் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லிஃப்டில் தினமும் நடப்பதுதான் குட்டிக்கு ஞாபகம் வந்தது. எட்டுப் பேர் என்று உள்ளே பலகை இருக்கும். ஒன்பதாவது ஆள் ஓடிவந்து, "ஒரு ஆள்தானேம்மா, கொஞ்சம் தள்ளி நின்னா போச்சு" என்று ஒரு காலை உள்ளே வைப்பார். அவள் புன்னகையோடு, "அடுத்ததுல வாங்க சார்" என்பாள். முறைப்பார்கள், ஆனால் இறங்கிவிடுவார்கள். இறங்காவிட்டால் லிஃப்டே மணியடித்து நின்றுவிடும். ஓர் இரும்புப் பெட்டிக்குக்கூட இவ்வளவுதான் தாங்கும் என்று ஒரு பலகையும் மணியும் வைத்திருக்கிறார்கள். இரண்டு பிள்ளை பெற்றவளாக மதிக்க வேண்டாம், வீட்டுப் பெண்ணாக மதிக்க வேண்டாம், ஒரு லிஃப்டாகவாவது மதித்திருக்கக் கூடாதா?

"அண்ணனைக் கூப்பிடுங்க" என்றாள்.

"இங்கே ஒருத்தருக்குத்தான்—" என்று ஆரம்பித்தாள் நர்ஸ்.

"அப்போ வாசல்ல நிக்கட்டும். காது கேக்கும்ல?"

டாக்டரம்மா தாங்கியிலிருந்து அவள் கால்களை இறக்கச் சொல்லி, ஒரு துணியை எடுத்து அவரே மூடிவிட்டார். அண்ணன் கதவைப் பாதி திறந்து நின்றான். முகக்கவசத்தைத் தலைகீழாக மாட்டியிருந்தான்.

"குட்டி, என்ன இது? பிடிவாதம் பிடிக்கிற நேரமா?"

"நான் எப்பண்ணா சம்மதம் சொன்னேன்?"

"அது இல்ல... அம்மா ரொம்ப ஆசைப்பட்டாங்க. ரெண்டும் ஒரே தடவையில வந்துட்டா உனக்கும் ஒரே கஷ்டத்தோட போயிடும்ல. உன் நல்லதுக்கும்தான் நெனச்சேன்."

"நெனச்ச. கேட்டியா?"

"நீ என்னைக்குடி மாட்டேன்னு சொல்லியிருக்க? எது கேட்டாலும் சரின்னுதானே சொல்லுவ?"

"சரின்னு சொல்றவகிட்ட கேக்கவே வேண்டாம்னு உனக்கு யார் சொன்னது? இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்குவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீ என் வயித்துலயே பண்ணிட்டியேண்ணா!"

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி அவனைப் பார்க்கவில்லை. அவன் குரலைத் தாழ்த்தினான். "இங்க பார். உருக்கியாச்சு. இப்ப நீ வேணாம்னா அது வீணாப் போயிடும். அதுவும் ஒரு உயிர் குட்டி. அந்தப் பாவம் உன்னைத்தான் சேரும்."

குட்டி சாமிக்குப் பயந்தவள். பாவம் என்ற சொல்லைக் கேட்டால் எறும்புப் புற்றுக்குக்கூட வழிவிட்டுத் தாண்டிப் போகிறவள். அது அண்ணனுக்குத் தெரியும். தெரிந்துதான் எடுத்தான். ஒரு கணம் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு தட்டில், கண்ணுக்குத் தெரியாத அளவில், யாரிடமும் எந்தக் கேள்வியும் கேட்காமல் அது காத்திருந்தது. அதற்கு ஏதாவது ஆனால்? பயம் வந்த வழியிலேயே இன்னொன்றும் வந்தது. பயமுறுத்தி ஒருத்தியை நல்லவளாக வைத்திருக்க ஆண்டவன் பெயரை எடுப்பதைவிடப் பெரிய பாவம் எதுவும் இருக்க முடியாது என்று தோன்றியது.

"பாவமா? என்கிட்ட பாவம் பேசுறியா? என்கிட்ட மறைச்சு உருக்கினது நீ. அண்ணிகிட்ட பொய் சொல்லி அழவச்சது நீ. பாவம் மட்டும் என் பங்கா? அன்னைக்குத் துண்டுல சுத்திக் கொண்டுபோனது நீதானேண்ணா? கை மறந்துடுச்சா உனக்கு?"

அண்ணனின் கை தானாக எழுந்து அவன் நெஞ்சருகே வந்து நின்றது. அந்தப் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுத்ததில்லை. துக்கத்தைக் கிளற வேண்டாம் என்று எல்லாரும் பேசாமலிருந்தார்கள். பேசாமல் பேசாமல், நடக்கவே இல்லை என்பது போல ஆக்கிவிட்டிருந்தார்கள்.

"என் வீட்டுக்காரர் ஒண்ணுன்னா சரின்னார். நானும் ஒண்ணுன்னா சரின்னேன். இப்பவும் சொல்றேன், ஒண்ணுன்னா சரி. மனசாரச் சுமக்கிறேன். ரெண்டுன்னா நான் இந்த மேஜையை விட்டு எழுந்துடுவேன். நான் எழுந்து போனா நீங்க இழுத்துக் கட்டியா வைக்கப்போறீங்க?"

குட்டிக்கு உடம்பெல்லாம் உதறியது. கோபத்தாலா, சிறுநீரை அடக்கியதாலா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அண்ணிதான் பேசினாள். குட்டியோடு அல்ல, அண்ணனோடும் அல்ல. ஜன்னல் பக்கம் திரும்பி, "அம்மா, அந்த இன்னொண்ணைத் திரும்ப உறைய வைக்க முடியுமா?" என்று கேட்டாள்.

கண்ணாடிப் பெண் டாக்டரைப் பார்த்தாள். டாக்டரம்மா தலையசைத்தார்.

"வைக்கலாம்மா. ஆனா மறுபடி உருக்கும்போது சிலது பிழைக்கும், சிலது பிழைக்காது. என்னால உறுதி கொடுக்க முடியாது" என்றாள் கண்ணாடிப் பெண்.

அண்ணி கொஞ்ச நேரம் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளிடம் இருந்ததே இரண்டு. இனி எடுக்க முட்டையும் இல்லை, வைக்க இடமும் இல்லை. அவள் எதைக் கையிலெடுத்து எடைபோடுகிறாள் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது. கருவைக் கருப்பையில் வைப்பதைவிட மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக அவள் வெளியே வைத்தாள்.

"திரும்ப வச்சிடுங்க. ஒண்ணு போதும்."

"ஏய், கொஞ்சம் யோசிச்சு—" என்றான் அண்ணன் வாசலிலிருந்து.

"யோசிச்சாச்சு. நீங்க கதவைச் சாத்துங்க."

கதவு சாத்தப்பட்டது. ஜன்னலும் மூடியது. ஒன்றைத் திரும்ப உறையவைத்துவிட்டு, மற்றதைத் தயார் செய்ய நேரம் ஆகும் என்றார்கள். டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே மேஜைப் பக்கம் வந்து நின்றார். "நான் உங்ககிட்ட நேரா ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்மா. தப்பு என்னோடதும்தான்" என்றார். காலையில் கேட்டிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும். ஆனாலும் அவர் அதைக் குனிந்து, இவள் முகத்துக்கு நேராகச் சொன்னார். குட்டி அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டாள், மன்னித்ததாகச் சொல்லவில்லை.

"டாக்டர், இன்னும் ஒரு கப் விடலாமா?" என்றுதான் கேட்டாள்.

டாக்டரம்மா முதல் தடவையாகச் சிரித்தார். ஆயாம்மாவை அழைத்தார்கள். ஆயாம்மா வந்து, அறையிலிருந்த முகங்களை ஒரு சுற்றுப் பார்த்து, எதுவும் கேட்காமல் இவளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள். பாத்ரூம் வாசலில் மட்டும், "சத்தம் வெளிய வரைக்கும் கேட்டுச்சு" என்றாள்.

"ரொம்பவா?"

"இல்ல. போதுமான அளவுக்குத்தான்."

மறுபடி மேஜை. மறுபடி பசை, கருவி, மங்கின வெளிச்சம். அண்ணி தலைமாட்டில் நின்று கையை நீட்டினாள். தானாகப் பற்றவில்லை, நீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். குட்டி தானாக எடுத்துப் பிடித்துக்கொண்டாள். அன்று பாத்திரம் கழுவிய அதே கை. இன்றைக்கும் ஈரமாகத்தான் இருந்தது.

ஜன்னல் திறந்தது.

"பேர் சொல்லுங்க."

அண்ணியின் பெயரைச் சொன்னாள்.

கண்ணாடிப் பெண் சரிபார்த்துவிட்டு, உடனே அடுத்த கேள்விக்குப் போகவில்லை. "உங்க பேர் என்னம்மா?" என்றாள்.

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். அது முறையில் இல்லாத கேள்வி. குட்டி தன் பெயரைச் சொன்னாள். வீட்டில் கூப்பிடும் பெயர் இல்லை, சொந்தப் பெயர். வெகுநாள் உடுத்தாத நல்ல புடவையை எடுத்தது போல அது அவளுக்கே புதிதாக இருந்தது. கண்ணாடிப் பெண் அந்தப் பெயரை அப்படியே திரும்பச் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டாள்:

"கரு ஒண்ணு. சரியா?"

"சரி."

பிறகு நடந்தது அவ்வளவு சின்னது. குழாய் உள்ளே போனதே தெரியவில்லை. திரையில் சாம்பல் நிற மேகத்துக்கு நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி, அரிசி நொய் அளவு, மின்னி நின்றது. "அங்க பாருங்க" என்றார் டாக்டரம்மா. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். குழாயை ஜன்னல் வழியாகத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆய்வகப் பெண் பார்த்துவிட்டு, "குழாயில எதுவும் தங்கலை" என்றாள். குட்டி கண்ணை மூடிக்கொண்டாள். கடவுளே, வந்த உயிரை நல்லபடியாக வை. சுவருக்குப் பின்னாலே இருக்கிறதையும் பார்த்துக்கொள். இன்றைக்கு முதல் தடவையாக இன்னொரு வரியும் சேர்த்துக்கொண்டாள்: என்னையும்.

கொஞ்ச நேரம் படுத்திருந்த பிறகு, இனித் தாராளமாகப் பாத்ரூம் போகலாம் என்றார்கள். இவ்வளவு நேரம் அதற்காகவே தவமிருந்தவளுக்கு, இப்போது எழுந்திருக்கப் பயமாக இருந்தது.

"ஆயாம்மா, போனா கரு கீழே விழுந்துடாதே?"

"விழுறதுக்கு அது என்ன கொய்யாப்பழமா? அது வேற வீடு, இது வேற வீடு. ஒரே வாசல்னு நெனச்சியா? போம்மா, போய் நிம்மதியா இரு."

போனாள். அப்பாடா என்று அவள் விட்ட மூச்சு, உலகத்திலுள்ள எந்தப் பிரார்த்தனைக்கும் குறைந்ததல்ல. திரும்பி வந்து காலுறைகளைக் கழற்றப் போனபோது ஆயாம்மா வேண்டாம் என்றாள். "வீடு வரைக்கும் போட்டுக்கிட்டுப் போ. அடுத்த தடவை வரும்போது கொண்டா."

வெளியே நடைபாதையில் அண்ணன் இவளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். எத்தனை நேரமாக அப்படி நிற்கிறானோ. குனிந்து அவள் காலருகே வைத்தான். நீலமும் சாம்பலுமாக இருந்த பாதங்களைப் பார்த்தான், நிமிரவில்லை.

"குட்டி..."

"அண்ணா, எனக்கு இன்னும் கோவம் போகலை."

"தெரியுது."

"போகும்போது நானே சொல்றேன். அதுக்குள்ளே நீயா, குட்டிக்குக் கோவமெல்லாம் போயிடுச்சுன்னு யார்கிட்டயும் சொல்லிவைக்காத."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் அதோடு வந்தது. இரண்டையும் முந்தானையில் துடைத்துக்கொண்டு குட்டியின் பையை வாங்கித் தோளில் மாட்டினாள்.

அண்ணனின் போன் அடித்தது. திரையைப் பார்த்துவிட்டு, "அம்மா" என்றான். அடித்துக்கொண்டே இருந்தது. வழக்கமாக என்றால் எடுத்து, எல்லார் சார்பிலும் பேசி முடித்திருப்பான். இப்போது போனைக் கையில் ஏந்திக்கொண்டு தங்கையின் முகத்தைப் பார்த்தான்.

"நீ சொல்றியா, நான் சொல்லவா?"

குட்டி யோசித்தாள். "நீ சொல்லு. நடந்ததை நடந்த மாதிரி சொல்லு."

அவள் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றில் ஒரு புள்ளியோடும் நெஞ்சில் இறங்காத கோபத்தோடும், லிஃப்ட் இருந்த பக்கம் மெதுவாக நடந்தாள். பின்னால் அண்ணன் தொண்டையைக் கனைப்பது கேட்டது.

"அம்மா... ஒண்ணுதாம்மா வச்சிருக்கு." அம்மா என்ன கேட்டாளோ. "இல்லம்மா, டாக்டர் வேணாம்னு சொல்லலை. குட்டி பிடிவாதம் எதுவும் பிடிக்கலை. அவகிட்ட நான் கேக்கவே இல்ல. அதான்."